ஸ்டிக்கருக்கு நெட் எதுக்கு

எங்கள் கம்பெனி எழுதும் மென்பொருள் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் ஓடுகிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் உங்கள் பெயரையும் வயதையும் கேட்டுத் தட்டுவாள். பக்கத்தில் இருக்கும் சின்ன இயந்திரம் ஒரு ஸ்டிக்கரைத் துப்பும். ரத்தம் எடுத்த குழாயில் அதை ஒட்டுவார்கள். சாயங்காலம் அறிக்கை உங்கள் போனுக்கு வந்துவிடும். பெயரில் ஆரம்பித்து அறிக்கை வரைக்கும் எல்லாமே சென்னையில் ஒரு மாடியில் உட்கார்ந்து நாலைந்து பேர் எழுதிய நிரல்தான்.

அவர்களுக்கு இல்லாத வேலை எனக்கு. அவர்கள் எழுதியது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் நிரலை எழுதுவது. இதைச் சொன்னால் சொந்தக்காரர்களுக்குப் புரியாது. "அப்போ நீ செக்கிங்கா?" என்பார்கள், பஸ்ஸில் ஏறும் டிக்கெட் பரிசோதகர் மாதிரி. நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஏறக்குறைய அதேதான்.

நிரலையும் அதற்கு வேண்டிய உதிரிகளையும் சேர்த்து, நிலையங்களின் கம்ப்யூட்டரில் நிறுவுகிற மாதிரி ஒரே பேக்கேஜாகக் கட்டுவதை பில்டு என்போம். கட்டுகிற அந்த நேரத்திலேயே, யாரும் கை வைக்காமல், என்னுடைய டெஸ்டுகள் தானாக ஓடும். ஒரு பெயரைக் கொடுத்து ஸ்டிக்கர் சரியாக வருகிறதா என்று பார்க்கும். சர்க்கரை அளவைக் கொடுத்து அறிக்கையில் அதே எண் இருக்கிறதா என்று பார்க்கும். இன்னொரு பக்கம் ஒரு சரிபார்ப்பான், நிரலை ஓட்டாமலே வரி வரியாகப் படித்து, இங்கே ஓட்டை, அங்கே ஓட்டை என்று குறை சொல்லும். எல்லாம் தேறினால் திரையில் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு வந்தால் பேக்கேஜ் வெளியே போகாது.

நான் சேர்வதற்கு முன்னால் இதெல்லாம் இல்லை. ஒருவருடைய அறிக்கையில் இன்னொருவர் பெயர் அச்சாகி ஒரு நிலையத்தில் பெரிய ரகளை ஆன பிறகுதான் முதலாளி எனக்கு வேலை கொடுத்தார். மகள் பிறந்த பிறகு வேலையை விட்டிருந்தேன். கணவருக்கு வேலை அரக்கோணத்தில், வீடு திருத்தணியில். சென்னைக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று முதலாளி சொன்னபோது இரண்டாம் யோசனையே இல்லாமல் ஒத்துக்கொண்டேன்.

எங்கள் குழுத் தலைவருக்குத்தான் நான் வந்தது பிடிக்கவில்லை. என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மூளைக்காரர். அவர் அரை மணியில் எழுதி முடிப்பதை நான் புரிந்துகொள்ளவே அரை நாள் ஆகும். அவர் நிரலுக்கு முதல் சிவப்பு வந்த அன்றே கூப்பிட்டார்.

"மேடம், உங்க செக்கர் ஒரு ஸ்பேஸ் விட்டாக்கூட திட்டுது. இது என்ன மாமியார் வீடா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சிவப்புக்கும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "அந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் இன்னைக்கு ஆஃப் பண்ணிடுங்களேன்" என்பார். நான் மாட்டேன் என்பேன். முதலாளி ஒரு விதி வைத்தார். அவரும் நானும் இரண்டு பேருமே சரி என்று சொன்னால்தான் பேக்கேஜ் வெளியே போகும். அதிலும் ஒரு விலக்கு உண்டு. என்னைப் பிடிக்கவே முடியவில்லை என்றால், மதியத்துக்கு மேல் அவர் மட்டுமே அனுப்பிவிடலாம்.

அந்த விலக்கு ஆடிக் கிருத்திகை அன்றுதான் எங்களைச் சோதித்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் வீடு வைத்திருப்பவர்கள் எவரும் தனியாக இருந்ததில்லை. முதல் நாளே என் அக்காவும் அவள் கணவர் பாவாவும் அம்மையார்குப்பத்திலிருந்து வந்துவிட்டார்கள். பாவாவுக்குச் சொந்தமாக பவர்லூம் இருக்கிறது. வருஷம் முழுக்க அந்தச் சத்தத்திலேயே இருப்பதால் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்த வருஷம் அவர் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டுதல். அக்கா முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். எதற்காக என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சொல்லக்கூடாதுடி" என்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் ரிலீஸ், புதுப் பேக்கேஜ் வெளியே போகும் நாள். வாரக் கடைசியில் என்று முதலில் முடிவாகியிருந்தது, ஆனால் புதிதாகச் சேர்ந்த பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சீக்கிரம் வேண்டும் என்று கேட்டுவிட்டார். தலைவர் என்னிடம், "மேடம், உங்க ஊர் திருவிழான்னு தெரியும். லீவு எடுத்துக்கோங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நான்தான் பிடிவாதமாக, "இல்லைங்க, காலையில பாத்துச் சொல்லிடறேன்" என்றேன். முதல் நாள் மாலையே நிரலையும் எல்லா உதிரிகளையும் என் லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொண்டேன்.

காலையில் காவடிக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தபோது கீழே தெருவில் தண்ணீர்ப் பந்தல் போட மூங்கில் நட்டார்கள். நட்ட வேகத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் இணையக் கேபிள் அறுந்தது. கேபிள்காரருக்குப் போன் போட்டால் போகவில்லை. கணவர் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"கூட்டம் கலையட்டும், நாளிக்கி வரேன்னு சொல்லிட்டாரு. தெருவுல ஏணி வைக்கவே எடமில்லயாம்."

போனில் இணையம் வருமா என்று பார்த்தேன். சிக்னல் குறி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு செய்தியும் போகவில்லை. சித்தூர், புத்தூர், நகரி, வேலூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த ஜனங்கள் அத்தனை பேர் கையிலும் ஒரு போன். ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். மலைப்பாதையில் அரோகரா சத்தமும், தெருவில் தெலுங்கிலும் தமிழிலும் "ஹலோ, ஹலோ" சத்தமும் கலந்து கேட்டது.

இணையம் வரட்டும் என்று சும்மா உட்கார எனக்கு மனசில்லை. எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கிறதே, இங்கேயே ஒருமுறை பில்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். டெஸ்டுகள் ஒவ்வொன்றாகப் பச்சை காட்டி வந்தன. ஒன்றில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். லேப்டாப் கெட்டுவிட்டதோ என்று நான் நினைத்த நேரத்தில் சிவப்பு விழுந்தது. இணைப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி.

சென்னையில் இருக்கும் பில்டு கம்ப்யூட்டரில் முதல் நாள் இதே டெஸ்டு பச்சை காட்டியிருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். சரி, இங்கே நெட் இல்லை, அதனால் தவறியிருக்கிறது, நெட் வந்தால் சரியாகிவிடும் என்று லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

மலைக்குப் போகும்வரை பாவா விரதம். அக்காவுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது. கணவருக்கும் மகளுக்கும் தட்டில் வைத்துவிட்டு, சட்னிக்காக மறுபடி உள்ளே திரும்பியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. தவறியது எந்த டெஸ்டு? ஸ்டிக்கர் டெஸ்டு. பெயர், வயது, பரிசோதனை, எண் என்று கொடுத்தால் கோடு கோடாக பார்கோடு வரைந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எதற்கு இணையம்?

என் டெஸ்டுகள் எதுவும் வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது என்று நான்தான் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். வெளியே போகும் வேலைக்கெல்லாம் உள்ளேயே ஒரு பொய் வாசல் வைத்திருந்தேன். அப்படி இருக்கும்போது இது யாரைத் தேடிப் போய் நின்றுகொண்டு இணைப்பு இல்லை என்கிறது?

சட்னிக் கிண்ணத்தை மேடையிலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "ஏம்மா, சட்னி?" என்று மகள் கேட்டது காதில் விழுந்தது. யார் கொடுத்தார்கள் என்று தெரியாது.

டெஸ்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒவ்வொரு படியாக உள்ளே இறங்கிப் பார்த்தேன். எங்கள் நிரலில் அது நிற்கவில்லை. ஸ்டிக்கரில் வரும் கோடுகளை வரைவதற்காக வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் ஒரு சின்ன உதிரியில் நின்றது. இலவசமாகக் கிடைப்பது, யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதி எல்லோருக்கும் கொடுத்தது. எல்லாக் கம்பெனியும் இப்படி நூறு உதிரிகளை வாங்கிப் போட்டுத்தான் பிழைக்கிறது. எங்கள் சரிபார்ப்பான் எங்கள் வரிகளைத்தான் படிக்கும். அடுத்தவர் எழுதியதைத் திறந்துகூடப் பார்க்காது. அந்த உதிரியின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று சமீபத்தில்தான் மாற்றியிருந்தார்கள்.

புதுப் பதிப்பைத் திறந்தேன். கோடு வரையும் வரிகளுக்கு நடுவே, அர்த்தமே இல்லாத எழுத்துகள் நீளமாக ஒரு வரி. அதை அவிழ்க்கும் வழி எனக்குத் தெரியும். அவிழ்த்ததும் ஒரு இணைய முகவரி வந்தது. எங்களுடையது அல்ல, நான் கேள்விப்பட்டதும் அல்ல. கோடு வரையக் கொடுக்கும் பெயர், வயது, பரிசோதனை, எண், எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து அந்த முகவரிக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கோடு வரைந்து கொடுக்கிறது.

சென்னைக் கம்ப்யூட்டரில் இணையம் உண்டு. அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டுக் கோட்டை வரைந்தது, பச்சை விழுந்தது. இங்கே வழி அடைபட்டதும் மாட்டிக்கொண்டது. இணைப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதை எழுதியவன் யோசிக்கவே இல்லை. திருட்டு நிரலுக்கும் டெஸ்டு எழுத வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

இதை இப்போது சொல்லும்போது சிரிப்பாக வருகிறது. அப்போது சிரிக்கத் தோன்றவில்லை. இந்தப் பேக்கேஜ் மதியம் வெளியே போனால், எங்கெங்கோ ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கும் ஆட்களின் பெயரும் வயதும் என்ன பரிசோதனை என்பதும் அந்த முகவரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். என்னைப் பிடிக்க முடியவில்லை என்பதால் தலைவர் தாமே அனுப்பிவிடுவார். அவர் மேல் குற்றமே இல்லை. விதியே அப்படித்தான்.

போனை எடுத்துத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். மொட்டை மாடிக்குப் போனேன். ஜன்னலில் கையை நீட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பாவா மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றார். "இன்னாம்மா, காலைலருந்து அந்தப் பொட்டியையே பாத்துகினு இருக்கற? மலைக்கு வர்ல?"

"பாவா, நீங்க போங்க. எனக்கு ஆபீஸ்ல ஒரு பிரச்சினை. சிக்னல் கிடைக்கற எடத்துக்குப் போயே ஆகணும்."

"திருநாளும் அதுவுமா இன்னா ஆபீசு?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "போய்ட்டு வா, போய்ட்டு வா. பாப்பாவ நாங்க இட்டுகினு போறோம்."

அக்கா என் நெற்றியில் விபூதி வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கணவர் பைக்கை எடுத்தார். லேப்டாப் பையை மார்போடு கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பெரிய தெருக்களில் எல்லாம் தடுப்பு. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க போறீங்க? வண்டி போவாது."

"ஊர விட்டு வெளிய போறோங்க சார்" என்றார் கணவர்.

அவர் எங்களை விநோதமாகப் பார்த்தார். அன்றைக்கு ஊரைவிட்டு வெளியே போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் போலிருக்கிறது. "அப்ப போங்க" என்று தடுப்பை நகர்த்தினார். எதிரே காவடிகள் வந்துகொண்டே இருந்தன. பம்பைச் சத்தத்தில் கணவர் என்ன சொல்கிறார் என்றே கேட்கவில்லை. சந்துகளுக்குள் புகுந்து, சில இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு, ஒருவழியாகத் திருவாலங்காட்டுச் சாலையைப் பிடித்தோம்.

கூட்டத்தைத் தாண்டியதும் ஆடிக்காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் கரும்பு சாய்ந்து சாய்ந்து எழுந்தது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்க நிறுத்தவா, இங்க நிறுத்தவா" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். திருவாலங்காடு நெருங்கும்போது திடீரென்று போன் நடுங்கத் தொடங்கியது. காலையிலிருந்து தேங்கிய செய்திகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பாதிக்கு மேல் தலைவருடையவை. மேடம் இருக்கீங்களா. மேடம், உங்க ஓகே வேணும். மேடம், கஸ்டமர் கேக்கறாங்க. கடைசியில் வந்தது: சாப்பிட்டு வந்து நானே அனுப்பிடறேன் மேடம், ஹேப்பி ஃபெஸ்டிவல்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

வண்டி ஒரு வாய்க்கால் பாலத்தின் பக்கத்தில் நின்றது. அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். சாமி தரிசனம் ஆச்சா? நான் இப்பதான் ரிலீஸ் பட்டன்கிட்ட வந்தேன்."

"அனுப்பாதீங்க சார்! தயவு செஞ்சு கைய எடுங்க!"

காற்றில் நான் கத்தியது அவருக்கு எப்படிக் கேட்டதோ. "என்ன ஆச்சு?" என்றார்.

"ஸ்டிக்கர் டெஸ்ட் எனக்கு ஃபெயில் ஆகுது."

"இங்க கிரீன்தானே? எல்லாம் கிரீன்."

"எனக்கு நெட் இல்ல. நெட் இல்லாம ஓட்டினேன். ஃபெயில் ஆகுது."

ஒரு பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சு எனக்கு நன்றாகப் பழக்கம். "மேடம். நெட் இல்லாம ஓட்டினா ஃபெயில் ஆகத்தான் செய்யும். இதுக்காகவா..."

"சார், ஸ்டிக்கருக்கு நெட் எதுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் நானே தொடர்ந்தேன்.

"அந்த பில்டு மெஷினோட நெட் கேபிள ஒரு தடவை புடுங்கிட்டு ஓட்டிப் பாருங்க. நான் சொல்றத நம்ப வேணாம். ஓட்டி மட்டும் பாருங்க" என்றேன்.

"இருங்க. கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். கணவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சேற்றில் டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே கொக்குகள்.

"நீ சொன்னது தப்பா இருந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"சிரிப்பாங்க."

"அவ்ளோதானா? சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

அவருக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு மனசுக்குள் வேறு ஓடியது. இத்தனை வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள், ஒரு நெட் இல்லாத கோளாறுக்குக் கூப்பாடு போட்டாள் என்று பேச்சு வந்தால், அடுத்த சிவப்பை யார் மதிப்பார்கள்? அவிழ்த்துப் பார்த்த முகவரியை நான் தப்பாகப் படித்திருந்தால்? பையைத் திறந்து, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தேன். தப்பாகப் படிக்கவில்லை. மறுபடியும் பார்த்தேன்.

போன் அடித்தது.

தலைவரின் குரல் வேறாக இருந்தது. மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல. "மேடம். ஃபெயில் ஆகுது."

"ஆங்."

"உள்ள திறந்து பாத்தேன். அந்த நீள லைன அவிழ்த்தீங்களா?"

"அவிழ்த்தேன். அட்ரஸ் பாத்தீங்களா?"

"பாத்தேன். நிறுத்திட்டேன் மேடம். ரிலீஸ நிறுத்திட்டேன். முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

கணவர் என்ன என்ன என்று கையை ஆட்டினார். நான் தலையை ஆட்டினேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவருக்கே சந்தேகம்.

அதற்குள் அடுத்த பயம் வந்தது. "சார், இதுக்கு முன்னாடி போன பேக்கேஜ்? ஏற்கெனவே நிலையங்கள்ல ஓடறது?"

"அதத்தான் பாத்துட்டு இருக்கேன். லைன்லயே இருங்க."

அவர் தட்டும் விசைகளின் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உழும் டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வயலின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது.

"பழையதுல பழைய பதிப்புதான் மேடம். சுத்தமா இருக்கு. புதுசு எங்கயும் போகல. நம்ம பில்டு மெஷின விட்டு வெளியவே போகல."

"நிச்சயமா?"

"நிச்சயம். ரெண்டு தடவை பாத்துட்டேன்." பிறகு அவரே, "ஆனா நேத்து நம்ம மெஷின்ல டெஸ்ட் ஓடினப்ப டேட்டா வெளிய போயிருக்கும். யாரோட பேர் போயிருக்கும்?" என்றார்.

யோசித்தேன். டெஸ்டில் ஓடியது நிஜ நோயாளிகள் அல்ல, நானே கற்பனையில் உண்டாக்கியவர்கள். எந்த விசித்திரம் வந்தாலும் நிரல் தாங்க வேண்டும் என்று வேண்டுமென்றே கோணலாக உண்டாக்கியவர்கள். பெயர் ஒரே ஒரு எழுத்தாக இருக்கும் ஒருவர். பெயர் ஸ்டிக்கருக்குள் அடங்காமல் வழியும் ஒருவர். நாளைக்குத்தான் பிறக்கப்போகும் ஒரு குழந்தை. கர்ப்பப் பரிசோதனைக்கு வந்திருக்கும் தொண்டு கிழவர்.

"என் பேஷண்டுங்கதான் சார் போயிருப்பாங்க" என்றேன். "அந்தக் கர்ப்பமான தாத்தாவும் போயிருப்பாரு."

தலைவர் சிரித்தார். பழைய சிரிப்பு அல்ல, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. நடுரோட்டில், பட்டுச்சேலையும் லேப்டாப்புமாக, கண்ணில் தண்ணீர் வர நான் சிரித்ததைப் பார்த்துச் சைக்கிளில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"திருடினவன் இன்னேரம் அந்தத் தாத்தாவுக்கு என்ன மருந்து விக்கலாம்னு யோசிச்சுட்டு இருப்பான் மேடம்" என்றார் தலைவர். சிரிப்பு அடங்கியதும், "நான் அனுப்பியிருப்பேன் மேடம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அனுப்பியிருப்பேன்" என்றார்.

"பச்சை காட்டினா யாரா இருந்தாலும் அனுப்புவாங்க சார். நானா இருந்தாலும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கேபிள் அறுபடாமல் இருந்திருந்தால் காலையிலேயே சரி என்று சொல்லிவிட்டு நானும் மலைக்குக் கிளம்பியிருப்பேன்.

வைத்த பிறகு வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கணவர் போய் எங்கிருந்தோ டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கி வந்தார். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த பிஸ்கட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்று சொன்னால் மிகை. ஆனால் அந்தப் பசியில் அது அவ்வளவு நன்றாக இருந்ததை மறக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் வேலை நிறைய நடந்தது. அந்த உதிரியை எழுதியவர் வேறு வேலைக்குப் போனபோது, உதவிக்கு வந்த யாரோ ஒருவரிடம் அதை ஒப்படைத்திருக்கிறார். வந்தவன் இப்படிச் செய்திருக்கிறான். நாங்கள் எழுதிச் சொன்னதும் அதைப் பொது இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியில், பில்டு ஓடும்போது அந்த இயந்திரத்துக்கு இணையமே இருக்கக்கூடாது என்று தலைவரே ஏற்பாடு செய்தார். வெளியிலிருந்து வாங்கும் உதிரிகளின் வரிகளையும் சரிபார்ப்பான் படிக்கும்படி நான் மாற்றினேன். அதனால் சிவப்புகள் முன்பைவிட அதிகமாகவே வந்தன. தலைவர் இன்னும் அலுத்துக்கொள்வார். ஆனால் டெஸ்ட்டை ஆஃப் பண்ணச் சொல்வதில்லை. "என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம் மேடம்" என்பார்.

அன்றைக்கு மாலை நாங்கள் வீடு திரும்பியபோது மலைக்குப் போனவர்கள் எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். பாவா காவடியை இறக்கிவிட்டு, கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, மகளுக்குத் தெப்பக்குளத்துக் கூட்டத்தைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னாடி ஆச்சு? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"தூக்கலக்கா. எல்லாம் சரியாப்பூடுச்சு."

"நெஜமா?"

"நெஜமா."

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "நீ போன போக்கப் பாத்து நான் பயந்தே பூட்டேன். வேலை போச்சுன்னுதான் நெனச்சிகினேன். மலைமேல உனக்கும் சேத்து வேண்டிகினு வந்தேன்."

"இன்னான்னு வேண்டிகின?"

"வேற நல்ல வேலையா ஒண்ணு கெடைக்கணும்னு."

"அய்யோ அக்கா, இந்த வேலையே போதும்" என்றேன்.

உள்ளேயிருந்து பாவா, தெரு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். அக்கா என் கையைப் பிடித்து எழுந்து, "வா, சாதம் கொழஞ்சிடப் போவுது" என்று உள்ளே நடந்தாள். ரசமும் அப்பளமும்தான். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் எனக்குக் கண் சொருகியது. மகள் பக்கத்தில் வந்து படுத்தாள். தெருவில் பம்பை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே, பொழுது சாயும் முன்னால், நான் தூங்கிப் போனேன்.